நாலடியில் நின்ற ஆறு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆற்றுக்கு நடுவே ஒரு மனிதர் ஆட்டோடு நிற்கும்போது, பாளையங்கோட்டையில் வீட்டுக்குள் உட்கார்ந்து பஜ்ஜி தின்றபடி நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றிய மூடன் நான்.

சீவலப்பேரியில் ஆற்றங்கரை மோட்டார் அறையில் பழைய கணினி ஒன்றை வைத்து, லினக்ஸ் போட்டிருந்தேன். அறையை ஒட்டிய பள்ளத்தில், ஆறு ஆழமாக ஓடும் இடத்தில் இறக்கிய கருவி ஆழத்தை அளக்கும். கணினி அதை வெளியே அனுப்பும். ஊர்க்காரர்கள் போனில் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு அவ்வப்போது செத்துப்போகும். உடனே போனில் எண் மறைந்து, ஊரே என்னைக் கூப்பிடும். தொல்லை தாங்காமல், புதிய அளவு வராவிட்டால் கடைசி அளவையே காட்டும்படி மாற்றி எழுதினேன். அழைப்புகள் நின்றன. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடு வளர்க்கும் அண்ணாச்சி ஒருவர் தினமும் ஆற்றின் நடுத்திட்டுக்கு மேய்க்கப் போவார். முன்பெல்லாம் தண்ணீர் ஓரத்தில் ஒரு கம்பை நட்டுவைத்து, அது நனைகிறதா என்று பார்ப்பாராம். என் எந்திரம் வந்தபின் கம்பு ஆடு பத்துவதற்கு மட்டும் ஆனது. “ஆறடின்னு காட்டினா கரையேறிருவேன்” என்பார்.

அன்று காலை மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. மழைநாளில் கார்டு காலை வாரிவிடக்கூடாதே என்று புது டிரைவர் போட நினைத்தேன். வீட்டிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து, பழைய டிரைவரைக் கழற்றும் கட்டளையைக் கொடுத்தேன். திரை அப்படியே உறைந்தது. புதியதை ஏற்றும் கட்டளை போகவேண்டிய வழியும் அந்தக் கார்டுதான் என்பது, பஜ்ஜியின் மிச்சத்தை விழுங்கும்போது உறைத்தது.

போனைப் பார்த்தேன். நாலடி. கால் மணி கழித்தும் நாலடி. வெளியே மழை வலுத்திருந்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். “ஆட்டைப் பத்திக்கிட்டு உடனே கரைக்கு வந்துருங்க. தண்ணி ஏறுது.”

“போன வாரம் முதலை வந்துட்டுன்னீரு. நானும் அரை மைல் ஓடினேன்.”

“அது விளையாட்டு அண்ணாச்சி. இது நெசம். மிசினு பொய் சொல்லுது.”

“அது உம்மள மாதிரி இல்ல, வே” என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

பைக்கில் சீவலப்பேரி போய்ச் சேர்ந்தபோது ஆறு செம்மண் நிறத்தில், சத்தம் மாறி ஓடிக்கொண்டிருந்தது. திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. மேட்டில் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அண்ணாச்சி குடைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை ஆட்டிக் கத்தினேன். ஆற்றிரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவரும் சாவகாசமாகக் கையை ஆட்டினார்.

மோட்டார் அறைக்குள் ஓடினேன். கணினியில் விசைப்பலகையைச் செருகி, புது டிரைவரை ஏற்றினேன். கார்டு உயிர்பெற்றது, ஆனால் இணைப்பு வரவில்லை. புது டிரைவர் கார்டுக்கு வேறு பெயர் வைத்திருந்தது. அமைப்புக் கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. ஈரக்கையால் பெயரை மாற்றினேன், ஓரெழுத்துப் பிழையோடு. திரும்பத் திருத்தினேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழு வாழைமரம் நிமிர்ந்தபடியே மிதந்து போனது. கார்டில் பச்சை விளக்கு சிமிட்டியது.

என் போனில் நாலு, ஏழாயிற்று.

ஜன்னலில் பார்த்தேன். அண்ணாச்சி குனிந்து போனைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி ஆற்றைப் பார்த்தார். பிறகு குடையை எறிந்தார்.

நெஞ்சளவுத் தண்ணீரில், தோளில் ஒரு குட்டியோடு, மற்றவற்றை விரட்டியபடி அவர் வந்தார். நான் இடுப்பளவு இறங்கி, கைக்கு எட்டிய கொம்பையெல்லாம் பிடித்து இழுத்தேன். கரையேறியதும் அவர் ஒரு தடவை எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார். ஒரு தாயாடு மட்டும் தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த கம்பைத் தண்ணீர் ஓரத்தில் ஊன்றி, ஒரு கல்லால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தனை குறையுது அண்ணாச்சி?” என்றேன்.

“உம்ம மிசின்ட்ட கேளும்.”