கோலுக்குப் பின்னால் நின்றவள்

எங்கள் செக்டார் கிளப்பில் பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான், மற்றவர்கள் பனியன் சும்மா கிடைக்கிறதே என்று சேர்ந்தவர்கள் என்று அப்பா சொல்வார். அப்பாவின் பேச்சை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. தலைநகரத்து ஆர்.கே.புரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கிளப்பின் பச்சைப் பனியனைப் பற்றி எவனாவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் தமிழிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிச் சண்டைக்குப் போவேன். எல்லாம் சித்தப்பாவால் வந்தது. அவர்தான் கோல்கீப்பர். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து, ஏதோ ஒரு பவனில், சர்க்கார் ஆபீஸில், கிளார்க்காக உட்கார்ந்து, எங்கள் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் முன்னறையைத் தன் பூட்ஸ் நாற்றத்தால் நிரப்பி வைத்திருந்தார்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடை ஓடியது. நாலா என்று சொல்வோம். அதன் மேல் போட்ட பலகைப் பாலத்தைத் தாண்டினால் குடிசைகள். விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் கிளப்புக்கு உண்மையான ரசிகர்கள் என்று சொன்னால் அவர்கள்தான். குவார்ட்டர்ஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். குடிசைக்காரர்கள் வெயிலில் வந்து நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு கொத்தனார். எல்லாரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். அவர் வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனால் ஆட்டம் தொடங்கினால் சித்தப்பாவின் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "தம்பி, எடப்பக்கம் பாரு! எடப்பக்கம்!" என்று அவருக்கே பாடம் நடத்துவார். அவர் பின்னால் நின்றால் கோல் விழாது என்று சித்தப்பாவே நம்ப ஆரம்பித்திருந்தார். மேஸ்திரியின் மனைவி எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவளை நான் அக்கா என்பேன்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. நாலா பொங்கிக் குடிசைகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த கையோடு வாந்திபேதி வந்துவிட்டது. குடிசைப் பக்கத்து அடிபம்பில் சாக்கடை கலந்துவிட்டது என்று டிஸ்பென்ஸரியில் சொன்னார்கள். குவார்ட்டர்ஸ்காரர்கள் முதல் காரியமாகப் பாலத்தை எடுத்துவிடலாமா என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். கிளப் பையன்கள் அதற்குள் வாளி வாளியாகக் காய்ச்சின தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அதே பாலத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அடுப்பெரிந்தது எங்கள் வீட்டில்தான். அம்மா முணுமுணுத்துக்கொண்டே காய்ச்சிக் கொடுத்தாள்.

டிஸ்பென்ஸரிக்காரர்களைக் குடிசைக்குள் யாரும் விடவில்லை. வெள்ளை வண்டி வந்து நின்றாலே கதவுகள் பட்பட்டென்று சாத்திக்கொள்ளும். ஊசி போட வந்தவர்களைக் கல்லால் அடிக்காத குறை. பச்சைப் பனியன் போட்டவர்கள் மட்டும் எந்தக் குடிசைக்குள்ளும் போய் வரலாம். அதனால் சித்தப்பாவும் மற்றவர்களும் ஆபீஸிலிருந்து வந்ததும் பனியனை மாட்டிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் பனியனைப் பார்த்தால் நோய்கூட வழிவிடுகிறது என்று பக்கத்து வீட்டுச் சர்தார் பையனிடம் சொல்லிவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிரே அடுத்த செக்டார் கிளப். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் எங்களைத் தோற்கடித்துவிட்டு, எங்கள் தெரு வழியாகவே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். வாந்திபேதி வந்ததில் எனக்கிருந்த ஒரே கவலை, ஆட்டத்தை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா பாத்திரத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"ஊட்டுக்காரருக்கு வயித்தால போவுதும்மா. தண்ணி தண்ணின்னு கேக்கறாரு."

"குடுத்துராத," என்றாள் அம்மா. "வயித்தைக் காயப் போடணும். உள்ள போனா போனபடியே வெளிய வந்துரும். நாளைக்குக் கஞ்சி குடுக்கலாம்."

எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். அவள் ஊரிலும் அப்படித்தான். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் சித்தப்பா வேகமாகப் பாலத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன். பாலத்தைத் தாண்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். மேஸ்திரியின் குடிசை முதல் குடிசை. அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது, கேட்டது. வெள்ளை வண்டி சாலையில் நின்றது. டிரைவர், "ஜல்தி கரோ பாய், ஜல்தி!" என்று ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா வெளியே தகரக் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"மேஸ்திரி, கதவத் திறங்க. நாந்தான்," என்றார் சித்தப்பா.

"வண்டிய போவச் சொல்லு தம்பி." மேஸ்திரியின் குரலா அது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்கும் தொண்டை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. "முன்னயும் ஊசின்னுதான் சொன்னாங்க. என் மச்சான ஏத்திகினு போயி, புள்ள பொறக்காம நஸ்பந்தி பண்ணி அனுப்பினாங்க. அவன் திரும்பி வந்தப்ப குடிசயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இடிச்சிட்டானுங்க."

"நான் கூட வாரேன். வண்டியில உங்க பக்கத்துலயே உக்காந்து வாரேன். உங்க குடிசைய எவன் தொடுதான்னு பாப்போம். நம்ம பயலுவ இங்க காவல் இருப்பானுவ."

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான். சித்தப்பா கதவில் கையை வைத்தபடியே நின்றார். உடைத்துத் திறந்துவிடலாம், அது வெறும் தகரம். அவர் உடைக்கவில்லை.

"நாளைக்கு மேட்ச்சு," என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஆமா. நீங்க பின்னால நிக்கணும்லா? அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்கேன்."

தாழ் விலகியது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரைக் கொண்டுவந்தார்கள். கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கி, ஒரே ராத்திரியில் பாதி ஆளாகியிருந்தார். வண்டியில் ஏற்றும்போது அக்காவைப் பார்த்து, "நான் வரலன்னா நீ போயி நில்லு. அந்த எடம் காலியா இருக்கக் கூடாது," என்றார். சித்தப்பா பச்சைப் பனியனோடு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நோயாளியைத் தவிர ஒரே ஒருவர்தான் வரலாம் என்று டிரைவர், பின்னாலேயே ஏறிய அக்காவை இறக்கிவிட்டான்.

வேறு குடிசைகளிலும் ஆட்கள் கிடந்தார்கள். ஒளித்து வைத்திருந்தார்கள். அவர்களையும் ஏற்றலாமே என்று கிளப் பையன்கள் கெஞ்சியதற்கு ஒரு பெரியவர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். "மேஸ்திரி நல்லபடியா இருக்காருன்னு தெரியட்டும். அப்புறம் எங்க ஆளுங்கள ஏத்தறோம்."

தொற்றுநோய் ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தது. சித்தப்பா அன்று வீட்டுக்கு வரவில்லை. அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். நான் அலமாரியிலிருந்து சித்தப்பாவின் கையுறைகளை எடுத்து, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஆட்டத்துக்குள் வந்துவிட வேண்டுமே என்று மலை மந்திர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். மேஸ்திரிக்காக வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசல் குழாயடியில் குளித்தார். துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போடச் சொன்னார். என்னை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமியோடு அனுப்பிவிட்டு, அப்பாவும் சித்தப்பாவும் அம்மாவும் சமையலறையில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதை எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொன்னாள்.

மேஸ்திரி விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார்.

"நீ எப்படில இன்னைக்கு ஆடுவ?" என்று அப்பா கேட்டாராம்.

"ஆடாம இருந்தாத் தெரிஞ்சிரும்ணே. தெரிஞ்சா ஒருத்தனும் வண்டியில ஏறமாட்டான். குடிசைக்குள்ள அஞ்சாறு பேரு கெடக்கான். இன்னைக்கு ராத்திரி தாங்கமாட்டானுவ. சாயங்காலம் வண்டி கிரவுண்டுப் பக்கமே வந்து நிக்கும், சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அந்தப் பொம்பளைக்கு என்ன பதில் சொல்லுவ?"

"ஆட்டம் முடிஞ்சதும் நானே சொல்லுதேன்."

தண்ணீர் மட்டும் குடிக்கக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் போதும் என்று டாக்டர் சொன்னதையும் சித்தப்பா சொன்னாராம். வெள்ளிக்கிழமை அம்மா அக்காவிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். சமையல் ஆகவில்லையா என்று கேட்டதற்கு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பசியில் எனக்கு எரிச்சலாக வந்தது.

நாலு மணிக்கு ஆட்டம். குடிசைக்காரர்கள் மற்ற நாட்களைப் போலக் கூட்டமாக வந்து நிற்கவில்லை. கொஞ்சம் பேர் நாலாக் கரையிலேயே தள்ளி நின்றார்கள். அவர்கள் பார்வை பந்தின் மேல் இல்லை, சித்தப்பாவின் மேல் இருந்தது. நான் கோலுக்குப் பின்னால் போனபோது அக்கா அங்கே நின்றாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். எண்ணெய் மினுங்கும் முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாப்பா, அவரு என்னா கத்துவாரு? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

எனக்கு இதைவிடப் பெரிய பதவி யார் கொடுப்பார்கள்? சொல்லிக்கொடுத்தேன். பந்து இடது பக்கம் வந்தால் எடப்பக்கம் பாரு என்று கத்த வேண்டும், சித்தப்பா பிடித்துவிட்டால் சபாஷ் என்று சொல்ல வேண்டும், நம்மாள் பந்தைக் கோட்டைவிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்றேன். அவள் முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டாள். அப்புறம் கூச்சம் விட்டுப்போய், "தம்பி, எடப்பக்கம்! எடப்பக்கம்!" என்று மேஸ்திரியின் அதே ராகத்தில் கத்தினாள். சித்தப்பாவின் முதுகு சிலிர்த்ததை நான் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் வெள்ளை வண்டி வந்து சாலையோரம் நின்றது. நாலாக் கரையில் ஒரு சலசலப்பு. முந்தின நாள் பேசிய பெரியவர் அக்காவிடம் வந்தார்.

"உன் ஊட்டுக்காரரு எப்படி இருக்காராம்? தம்பி ஏதாச்சும் சொன்னாரா?"

"இன்னும் பேசவே இல்ல," என்றாள் அக்கா. கையை மைதானத்துப் பக்கம் நீட்டினாள். "அதான் ஆடறாரே, தெரியலயா? அவருக்கு ஒண்ணுன்னா தம்பி இங்க வந்து ஆடிகினு இருப்பாரா?"

பெரியவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அப்போது ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்து, மண்ணில் புரண்டு எழுந்தார். பெரியவர் குடிசைப் பக்கம் திரும்பிக் கையை அசைத்தார். கொஞ்ச நேரத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் வந்தார்கள். பின்னாலேயே ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன். அடுத்தது ஒரு கர்ப்பிணிப் பெண். அக்கா இங்கிருந்தே, "பயப்படாம போங்க! பெரிய டாக்டருங்க இருக்காங்க!" என்று குரல் கொடுத்தாள். வண்டி நிறைந்து போனது, பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டாவது பாதியில் அடுத்த செக்டார்காரர்கள் எங்களைப் போட்டு நெருக்கினார்கள். பந்து எங்கள் பாதியை விட்டுப் போகவே இல்லை. சித்தப்பா அன்று ஆடியது போல எப்போதும் ஆடியதில்லை. காலால், கையால், நெஞ்சால் எல்லாவற்றையும் தடுத்தார். ஒருமுறை கம்பத்தில் தலை மோதி ரத்தம் வழிந்தது. வெளியே வரச்சொன்ன நடுவரிடம் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கடைசி நிமிஷங்களில் எங்கள் பக்கத்திலிருந்து எவனோ கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து அவர்கள் கோலுக்குள் போய்விட்டது. விசில் ஊதினார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். சித்தப்பா மட்டும் கோலை விட்டு நகராமல் நின்றார். அக்கா ஓடிப்போனாள். நானும் ஓடினேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"ஒரு கோலுகூட உடல தம்பி! அவருகிட்டப் போயி சொல்லு. எடத்தக் காலியா உடல, நான் நின்னேன்னு சொல்லு."

சித்தப்பா கையுறைகளைக் கழற்றினார். "அக்கா" என்றார். அவளை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்காவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கோப்பை வாங்கினால் பெரியவர்கள் இப்படித்தான் அழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக அழுதேன்.