பழுதுக்கு வராத பெட்டிகள்

அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கைப்பேசிக் கோபுரங்களின் உச்சியில் மாட்டும் சிக்னல் பெட்டிகளைச் செய்கிற கம்பெனியில், பழுதாகித் திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்துக் கோளாறு கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் அதே கம்பெனியின் பங்குகளில் போட்டார். பிறகு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பிப் பிழைத்தது. அதுதான் பெரிய தொல்லை என்பார் அவர் மனைவி.

நான் காலையில் போய் அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு பீரோவைக்கூடச் சாய்த்துத்தான் ஏற்ற முடியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நடை பழக இடமில்லை. தரைத்தளத்தில் இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்க வைக்கலாம், தள்ளிப்போட்டால் கால் மடங்கிப்போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மனைவி அடுத்த தெருவில் ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருந்தார். பங்குகளை விற்றால் வாங்கிவிடலாம். அதற்கு அவர் தலையசைக்க வேண்டும்.

அவர் அசைக்கவில்லை. குளியல் முடிந்ததும் தினமும் கட்டிலைச் சுற்றிச் சபை கூடிவிடும். மனைவியின் தம்பி வருவார். அதே கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கணக்கர் வருவார். மூவரிடமும் அந்தப் பங்கு இருந்தது.

"அத்தான், போட்டிக் கம்பெனிக்காரன் பெட்டி நம்மதுல பாதி எடை. ரெண்டு பேர் ஏறி மாட்டினதை இப்ப ஒருத்தன் ஏறி மாட்டிட்டு வந்துடுறான். வாங்குறவன் எதைப் பார்ப்பான்?" என்பார் தம்பி.

"பாதி எடைன்னா பாதி ஆயுசு. ரெண்டு மழைக்குத் தாங்காது."

"தாங்கலைன்னா வேற வாங்கி மாட்டிக்கிறான். விலைதான் கம்மியா இருக்கே."

"போடா, செருப்பு வாங்குற மாதிரி பேசுறே."

கணக்கர் செய்தித்தாளை விரிப்பார். "சந்தையில நாம மூணாவது இடம்னு போட்டிருக்கான்."

"ரெண்டாவதுல்ல இருந்தோம்?"

"இருந்தோம்."

"அப்ப அவனுக்கு எண்ணத் தெரியல."

மனைவி தேநீரோடு வருவார். "கட்டிலை விட்டு இறங்கவே ரெண்டு ஆள் வேணும். இதுல கம்பெனி எந்த இடத்துல நிக்குதுன்னு பஞ்சாயத்து! விக்கிறீங்களா, இல்லையா?"

டெஸ்டரிடம் அதற்குப் பதில் இருந்தது. செய்தித்தாளை அவர் நம்பவில்லை, தன் பழைய மேசையை நம்பினார். பழுதுப் பிரிவில் இன்னும் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதாமாதம் போன் போட்டு, எத்தனை பெட்டி திரும்பி வந்தது என்று கேட்பார். எண்ணிக்கை குறைந்துகொண்டே போயிற்று. அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் இது பாலபாடம். பெட்டி திரும்பி வரவில்லையென்றால் சரக்கு தரம். அதற்காகவே அவருக்கு ஒரு வருடம் கடிகாரம் பரிசளித்திருக்கிறார்கள்.

"மேசை காலியாக் கிடக்குதாம்! வேற எவன் பெட்டிக்கு இந்த யோக்கியதை இருக்கு, சொல்லு?" என்று கட்டிலைத் தட்டினார். தம்பியும் கணக்கரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. விலை ஏறட்டும். ஒரு ரூம் கூடவே இருக்கிற வீடா வாங்கலாம்" என்றார் மனைவியிடம். அவரும் தரைத்தள வீட்டின் சொந்தக்காரரிடம் போய் இரண்டு மாத அவகாசம் கேட்டுவிட்டு வந்தார்.

அந்த இரண்டு மாதம் முடிவதற்குள் கம்பெனி தன் கணக்கை வெளியிட்டது. பெரிய வாடிக்கையாளர்கள் இருவரும் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார்களாம். நான் போனபோது தம்பி அலைபேசியைப் பார்த்தபடி நின்றிருந்தார். விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. டெஸ்டர் பழுதுப் பிரிவுக்குப் போன் போடச் சொன்னார். தம்பி ஸ்பீக்கரில் போட்டார்.

"பெட்டி பழுதே ஆகலையேடா. அப்புறம் ஏன் மாத்துறாங்க?"

"எங்கண்ணே பழுதாகுறது? வாங்கினவங்க ஒரு வருஷமாவே நம்ம பெட்டியைக் கழட்டிக்கிட்டு இருக்காங்க. கழட்டிப் போட்டது எப்படிண்ணே ரிப்பேருக்கு வரும்?"

"இதை ஏண்டா எங்கிட்ட சொல்லலே?"

"எத்தனை வந்துச்சுன்னுதானேண்ணே கேட்டீங்க. உங்களுக்குத் தெரியாதாக்கும்னு இருந்துட்டேன்."

டெஸ்டர் போனை அணைக்கச் சொல்லிக் கையசைத்தார்.

"உங்க மேசையை நம்பித்தான் அத்தான் நானும் விக்காம இருந்தேன்" என்றார் தம்பி. சத்தம்கூடப் போடவில்லை. போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கணக்கர் சில நாள் வந்து, செய்தித்தாளை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பிறகு அவரும் நின்றுவிட்டார்.

மிஞ்சியதை விற்று மருந்துக்கடைப் பாக்கியை அடைத்தார்கள். தரைத்தள வீட்டில் வேறு யாரோ குடியேறிவிட்டார்கள். ஒரு காலை மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"இனிமே உங்களுக்குக் குடுக்க முடியாதும்மா. எப்படிக் குளிப்பாட்டுறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

சொல்லிக் கொடுத்தேன். புரட்டும்போது முதுகை வளைக்கக் கூடாது, முழங்காலை மடக்கி உடம்போடு ஒட்டி நின்று, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மனைவி மெலிந்தவர், டெஸ்டருக்கோ கனத்த உடம்பு. நோயாளி நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்தால் பாதிப் பாரம் குறையும். டெஸ்டரின் வலது கைக்கு அந்தப் பலம் தாராளமாக இருந்தது.

"கம்பியைப் பிடிங்க" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பிடிங்களேன். எனக்கு மூச்சு வாங்குது" என்றார் மனைவி.

கை போர்வைமேல் அப்படியே கிடந்தது. அந்த அம்மா மறுபடியும் முழங்காலை மடக்கினார்.