கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் கலைவாணிக்குத் தம்பி வெற்றிவேல் பெற்ற பிள்ளை மாதிரி. அம்மா போனபின் அவள்தான் வளர்த்தாள். நோணாங்குப்பத்தில் அவன் படகு ஓட்டினான். ஏறினவர்களைச் சிரிக்க வைத்தே அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவான் என்று பேர்.

அந்தச் சிரிப்புதான் அவளை ஏமாற்றியது. வீட்டுக்கு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். வஞ்சிரத் துண்டு வறுத்து வைத்தாலும் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துகொள்வான். குளிக்கக்கூட நாலு தடவை சொல்ல வேண்டும். வெளியே பல்லைக் காட்டுகிறவனுக்கு வீட்டில் மட்டும் என்ன நோவு, சோம்பேறித்தனம்தான் என்று அவள் முடிவுகட்டினாள். ஒருநாள் அவனே வாயைத் திறந்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குக்கா. ஆஸ்பத்திரில காட்டலாமா?"

"பைத்தியத்துக்குப் பாக்கற எடத்துக்கா? யாராச்சும் பாத்தா உனக்குப் பொண்ணு குடுப்பாங்களா?" என்றாள் கலைவாணி. "ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்."

அதற்குப்பின் அவன் கேட்கவே இல்லை. தெளிந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உப்பளத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த சிவசங்கரியைப் பேசி முடித்தாள். பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது, கொஞ்சம் அமைதியானவன் என்று பெண் வீட்டில் சொன்னாள். அதில் பொய் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கல்யாணமான கொஞ்ச நாளில் வெற்றிவேல் வேலைக்குப் போவதையே நிறுத்தினான். தன்னைப் பிடிக்கவில்லையோ என்று சிவசங்கரி அழுதாள். வந்தவளின் ராசி என்று தெருவில் பேசினார்கள். கலைவாணி வாயை மூடிக்கொண்டிருந்தாள். செத்துப்போனால் நிம்மதி என்று ஒரு காலையில் அவன் சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு, சிவசங்கரிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். மூணு வருஷம், அக்காவுக்குத் தெரியும் என்றான்.

மருந்து வேலை செய்யும்வரை சிவசங்கரி கூடவே இருந்து பார்த்தாள். அவன் தானாக எழுந்து குளித்து வேலைக்குக் கிளம்பிய வாரம் பெட்டியைக் கட்டினாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா கட்டியிருப்பேனோ என்னமோ. அத நான்ல முடிவு பண்ணணும், அண்ணி. என்னைய மருந்து மாதிரி வாங்கியாந்துட்டீங்க."

வெற்றிவேல் இப்போது பழையபடி படகு ஓட்டுகிறான். அக்காவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போகிறான். துணைக்கு வரட்டுமா என்றால் வேணாம்கா என்று செருப்பை மாட்டிக்கொள்கிறான். அன்றைக்கு அவன் கேட்டபோதே கூட்டிப் போயிருந்தால் என்று, மீனை அரிந்துகொண்டிருக்கும்போதே கலைவாணிக்குக் கை நின்றுவிடும்.

போன வாரம் மன்னிப்புக் கேட்க உப்பளம் கடைக்குப் போனாள். சிவசங்கரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாத்திரைய விடாம போடறாரா?"

"போடறான்மா."

"நல்லாயிட்டோம்னு அவரா நிறுத்திடப் போறாரு. பாத்துக்குங்க."

அதற்குள் யாரோ ரேஷன் கார்டை நீட்ட, அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கலைவாணி நாற்காலியை விட்டு எழுந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே படி இறங்கினாள்.