மக்கீனின் பங்கு

நிறுக்கும் பையைக் கழுவுவது சுஹறா டீச்சரின் வேலை. மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகளை அந்தச் சீலைப் பையில் இருத்தித் தராசில் தொங்கவிட்டால், நாலைந்து பேராவது பயத்தில் அதற்குள்ளேயே மூத்திரம் பெய்துவிடுவார்கள். கிணற்றடியில் சவுக்காரம் போட்டு அதை அடித்துத் துவைத்தபடி, "யா அல்லாஹ், நாளைக்காவது இந்தப் பை நாறாம இரிக்கட்டும்" என்று துஆக் கேட்டாள். நாளைக்கு வருவது பீ.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

அது எண்பத்திரண்டாம் வருடம். சுஹறாவுக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தது. எஸ்.எஸ்.சி. பரீட்சையில் கணக்கை மட்டும் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டைவிட்டவள். மருதமுனையில் நெசவுச் சங்கத்தின் நூல் அறையைக் கெஞ்சி வாங்கி, மூன்று வருடமாகப் பாலர் பள்ளி நடத்தினாள். இருபத்து நாலு பிள்ளைகள். இப்போது சங்கத்தார் அறையைத் திருப்பிக் கேட்டார்கள். பள்ளிக்குப் பதிவு கிடைத்தால் விட்டுவைப்போம், இல்லாவிட்டால் நூலை அடுக்குவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பதிவுக்கு பீ.எச்.ஐ.யின் கையெழுத்து வேண்டும்.

பீ.எச்.ஐ. தம்பிலுவில் கனகரெத்தினம் நல்ல மனிதர்தான். ஆனால் கையில் தாள் இருந்தால் ஆளைப் பார்க்கமாட்டார். கக்கூசைப் பார்த்தார், சரி. கிணற்றைப் பார்த்தார், சரி. பிள்ளைகளை நிறுத்தார். இருபத்து மூன்று பேரும் சரி. பிறகு மக்கீன் வந்தான்.

நாலு வயது மக்கீனைப் பையில் வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தராசு தொங்கிய முகட்டு வளை கிறீச்சென்றது. ஊசி சுற்றிப் போய் இருபத்து நாலு கிலோவில் நின்றது. இருபத்தைந்துக்கு மேல் அந்தத் தராசில் இலக்கமே கிடையாது. கனகரெத்தினம் நிறை அட்டையில் புள்ளி வைக்க இடம் தேடினார். கோடுகளையெல்லாம் தாண்டி, அட்டையின் மூலையில் அச்சடித்திருந்த தாயின் கொண்டையில்தான் இடம் கிடைத்தது.

"டீச்சர், கீழ விழுந்த புள்ளியத்தான் நான் இவ்வளவு நாளும் கண்டிருக்கன். மேல பறந்த புள்ளிய இண்டைக்குத்தான் காணுறன். தகப்பன் ஆரு, முதலாளியா?"

"இல்ல சேர். பொத்துவில்ல தோணிக்குக் கூலிக்குப் போற. உம்மா நஸீறா நூல் சுத்துற."

"அப்ப இஞ்சதான் ஆரோ ஊட்டுறீங்க."

"வல்லாஹி இல்ல சேர்! எல்லாருக்கும் ஒரு கோப்பை பயறுதான்."

அவர் தாளைப் புரட்டினார். ஏழாம் பிரிவு: பள்ளியில் உண்பதால் எந்தப் பிள்ளையின் நிறையும் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. "ஒரு மாசம் தாறன். ஊசி இறங்கினாக் கையெழுத்து" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அடுத்த நாள் பத்து மணிக்குச் சுஹறா பயற்றுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கதவு மறைவில் நின்றாள். பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். திறந்ததும் தின்னவில்லை. ஒவ்வொருவராக எழுந்துபோய், மக்கீன் நீட்டிய பெட்டி மூடியில் ஒரு துண்டு ரொட்டி, ஒரு பிடி புட்டு, பாதி வாழைப்பழம் என்று வைத்துவிட்டு வந்துதான் தின்னத் தொடங்கினார்கள். மக்கீன் சுங்க அதிகாரி மாதிரி எதையும் கேட்காமல், எதையும் மறுக்காமல் சப்பணமிட்டு இருந்தான்.

"ஏன் புள்ள அவனுக்குக் குடுக்கிறாய்?" என்று சுஹறா, குட்டி சபூறாவைப் பிடித்துக் கேட்டாள்.

"மக்கீன் பாக்கப் பாக்கத் திண்டா வயித்துக்குள்ள குத்துமாம் டீச்சர். முதல்ல அவனுக்குக் குடுத்துட்டுத் தின்னட்டாம். உம்மா சொன்னா."

போன நோன்புப் பெருநாளுக்கு ஒரு பயல் மக்கீன் முன்னால் தனியே வட்டிலப்பம் தின்று மூன்று நாள் வயிற்றால் போனது சுஹறாவுக்கு நினைவு வந்தது. அந்தக் கதை ஊரைச் சுற்றி, எல்லா உம்மாமாரின் காதிலும் ஏறி, இருபத்து மூன்று துண்டுகளாகத் திரும்பி வந்திருக்கிறது.

"இனி ஆரும் ஆருக்கும் குடுக்கக்கூடா!" என்று சட்டம் போட்டாள். ஒருவரும் கொடுக்கவில்லை. ஒருவரும் தின்னவுமில்லை. நிறைந்த பெட்டிகள் வீட்டுக்குப் போயின. அடுத்த நாள் காலையில் உம்மாமார் வாசலில் நின்றார்கள்.

"ஒங்கட சட்டத்தால புள்ளைக்கு வயித்தால போனா ஆரு டீச்சர் பாக்கிற? பீ.எச்.ஐ. வந்து கழுவுவாரா?"

மக்கீனைச் சுவரைப் பார்க்க இருத்தினாள். அவன் கழுத்தைத் திருப்பினான். தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தன் ரொட்டியை எடுத்தாள். அவன் அழவில்லை, கேட்கவில்லை, சும்மா பார்த்தான். இரண்டாம் வாயை மெல்லும்போதுதான், மீதி ரொட்டி அவன் கையில் இருப்பதையும் அதைக் கொடுத்தது தன் கைதான் என்பதையும் சுஹறா கண்டாள்.

பின்னேரம் நஸீறாவைத் தேடிப் போனாள். நஸீறா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒன்ட மகன்ட நிறை கூடிட்டு நஸீறா."

"முதல்ல மாஷா அல்லாஹ் சொல்லுங்க டீச்சர், கண்ணூறு பட்டுரும்!"

"மாஷா அல்லாஹ். பள்ளியில அவன்ட தீனியக் கொறைக்கணும்."

நஸீறா கையை நிறுத்தவில்லை. "அங்க திண்டாத்தான் பகலைக்கு இஞ்ச சோறு கேக்கமாட்டான். எங்கட பரம்பரையில கொழுத்த ஆள் இவன் ஒருத்தன்தான். நீங்க அங்க கொறைச்சா, நான் இஞ்ச எத்தக் கூட்டுற?"

கணக்கில் மூன்று தடவை தோற்றவளுக்கு அந்தக் கணக்கும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில்தான் வந்தது. அகன்ற சஹன் தட்டத்தைச் சுற்றி ஆறாறு பெண்களாக இருந்து ஒரே சோற்றில் கைவைத்தார்கள். கண்ணூறு என்று ஒருத்தியும் பயப்படவில்லை. ஒரு சஹனில் தின்னும்போது ஆர் ஆரைப் பார்ப்பது?

விடிந்ததும் பள்ளிவாசலில் கேட்டு நாலு சஹன் வாங்கிவந்தாள். எல்லாப் பெட்டிகளையும் அதில் கொட்டினாள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். உம்மாமாருக்கு ஆறுதல். மக்கீனுக்குத்தான் சிக்கல். மூடியில் வந்து விழுவதைத் தின்று பழகியவன், ஐந்து கைகள் பறக்கும் தட்டத்தில் திகைத்துப்போனான். அவன் ஒரு வாய் எடுப்பதற்குள் சபூறா மூன்று வாய் எடுத்துவிடுவாள். மிஞ்சியதைச் சுஹறா பெட்டியில் போட்டு, உம்மாவும் மகனுமாகப் பகலைக்குத் தின்னட்டும் என்று நஸீறாவுக்கு அனுப்பினாள்.

மாதம் முடிந்து கனகரெத்தினம் வந்தபோது சரியாகப் பத்து மணி. சஹன்களைக் கண்டதும் தாளை எடுத்தார்.

"டீச்சர், ஒன்பதாம் பிரிவு. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனிக் கோப்பை."

"தனிக் கோப்பையாலதான் சேர் இவன் கொழுத்த" என்று சுஹறா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கண்ணூறா? கை கழுவாமத் திண்டா வயிறு குத்தத்தான் செய்யும். படிச்ச நீங்களுமா டீச்சர்?"

மக்கீனை நிறுத்தார். இருபத்து மூன்றரை. சிரிப்பு நின்றது. ஊசி இறங்கிவிட்டது; ஏழாம் பிரிவுக்குக் கொடுத்த வாக்கின்படி கையெழுத்துப் போடவேண்டும். ஒன்பதாம் பிரிவின்படி போடக் கூடாது. கதிரையில் இருந்து யோசித்தார். சுஹறா தேநீரும் இரண்டு விசுக்கோத்தும் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் அவருடைய பேனையிலேயே இருந்தது.

கனகரெத்தினம் ஒரு விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனார். மேசையோரத்தில் மக்கீன் நின்றான். அழவில்லை, கேட்கவில்லை, சும்மா பார்த்தான். விசுக்கோத்து வாய்க்கும் கோப்பைக்கும் நடுவில் நின்று, ஊறிப்போய், தேநீருக்குள் விழுந்தது. அவர் இருமினார். வாசலை ஒரு தடவை பார்த்தார். மற்ற விசுக்கோத்தை எடுத்து இரண்டாக உடைத்து, பெரிய பாதியை மக்கீனிடம் கொடுத்துவிட்டுச் சின்னதை வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு கடகடவென்று ஒன்பதாம் பிரிவுக்கு எதிரே 'சரி' போட்டார். கையெழுத்து வைத்தார். தாளைச் சுஹறாவின் பக்கம் தள்ளினார்.

சுஹறா அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"சேர், இப்ப நீங்க குடுத்தது எத்தனையாம் பிரிவு?"

கனகரெத்தினம் சட்டையில் விழுந்த தூளைத் தட்டினார், தொப்பியை எடுத்தார், சஹன்களை மிதிக்காமல் ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே போனார்.