ஒரே மடக்கில் இரண்டு மருந்து

எழுபதுகளில் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். ஒரு நாள் மெஷின் ஊசி வலது ஆள்காட்டி விரலில் இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் கேப்சூல் கொடுத்தார். ஒரு வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை. "எலும்புக்குப் போயிட்டா நுனியை எடுக்கணும்" என்றார். விரல் போனால் துணியைத் தள்ள முடியாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

மறுநாள் டாக்டரிடம் போனபோது பக்கத்து மெஷின் காதர் பாயும் கூட வந்தார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பாய்க்குப் பொறுக்கவில்லை.

"கேப்சூலைத் தவறாம முழுங்கறாருங்க. டீ நேரத்துல சத்து மாத்திரையோட சேர்த்து ஒரே மடக்கு. ரெண்டு தடவை தண்ணி கேக்கக் கூச்சமுங்க இவருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன சத்து மாத்திரை?"

"ரத்தம் கம்மின்னு பெரியாஸ்பத்திரியில குடுத்த இரும்புச் சத்துங்க" என்றேன்.

"அதுவும் கேப்சூலும் வயித்துல ஒண்ணையொண்ணு கெட்டியாப் பிடிச்சுக்கும். அப்புறம் மருந்தைக் குடல் உறிஞ்சாது, வெளியே போயிடும். புண் ஆறுற வரைக்கும் சத்து மாத்திரையை நிறுத்துங்க."

"ரெண்டுக்கும் நல்லாக் கல்யாணம் பண்ணி வெச்சீங்க, மாப்ளே" என்று பாய் சிரித்தார்.

நிறுத்தினேன். சில நாளில் வீக்கம் வற்றி, விரல் பிழைத்தது.

மருந்து பலிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். அது என் உடம்பில் சேரவே இல்லை. பாய் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், என் கூச்சத்துக்கு ஒரு விரலைக் கொடுத்திருப்பேன்.