குதிரைக்கு இல்லாத பித்தப்பை

போன ஞாயிற்றுக்கிழமை போடியில் ஒரு கறிக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஆட்டு ஈரலைப் புரட்டி, பச்சையாகத் தொங்கிய பித்தப்பையை உடையாமல் நறுக்கித் தூர எறிந்தார். எனக்குக் குதிரை ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். கறிக்கடையில் நின்று குதிரையை நினைக்கிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்கள் வகுப்புக்கு அறுத்துப் படிக்கக் கிடைத்தது ஒரே ஒரு குதிரை. ஃபார்மலின் நெடியில் கண் எரிய எரிய அதைப் பங்கு போட்டுக்கொண்டோம். எங்கள் குழுவுக்கு வாய்த்தது இடது பின்னங்கால். அதன் எலும்பு, தசைநார், நரம்பு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்வேன். வயிறு வேறு குழுவுக்குப் போனது. அதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். பரீட்சை முடிந்ததும் பட்டியல் போய்விட்டது, கால் மட்டும் நின்றது.

போடிக்கு வேலைக்கு வந்தபோது, ஏலத் தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் சுமந்து ஏறி, ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் குதிரைகள் மலைச்சரிவில் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. கடைசியில் எனக்கு வாய்த்த முதல் குதிரை, செத்த குதிரை.

லோடு அடிக்கும் மொக்கை என்பவருடையது அது. சாயங்காலம் முழுக்கப் புரண்டு புரண்டு விடியுமுன் செத்திருந்தது. அதே மலைத் தடத்தில் குதிரை ஓட்டும் பெருமாள், மொக்கையின் மனைவிக்கு அண்ணன். லோடு யாருக்கு என்று இருவருக்கும் அப்போதுதான் பெரிய சண்டை நடந்திருந்தது.

"ஏலத்துக்கு அடிக்கிற மருந்தத் தவிட்டுல கலந்து வச்சுட்டான் டாக்டரம்மா. அறுத்துப் பாத்துச் சொல்லுங்க. விசம்னா இவள இன்னைக்கே அண்ணன் வீட்டுக்குப் பத்திவிட்டுர்றேன்" என்றார் மொக்கை.

பத்திவிடப்பட இருந்த அவர் மனைவி சின்னத்தாயி, எனக்குக் கை கழுவத் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"மாப்ளே, எந்தங்கச்சி கஞ்சி குடிக்கிற வீட்டுல நான் போயி அப்பிடிச் செய்வனா?" என்றார் தள்ளி நின்ற பெருமாள்.

"செய்யிறவன் சொல்லிட்டா செய்வான்?"

அறுத்தேன். ஈரலை வெளியே இழுத்ததும் கூட்டத்தில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். இங்கே கிடா வெட்டினால் பித்தப்பையை உடையாமல் எடுப்பவர்தான் கெட்டிக்காரர். எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

"பித்தப்பை எங்கத்தா?"

புரட்டினேன். காணவில்லை.

"வெந்து கரைஞ்சிருச்சு. விசந்தேன்!"

சின்னத்தாயியின் குடம் தளும்பியது. நானே அறுத்துத் தவற விட்டேனா? புல்லில் தேடினேன். விஷத்தில் பை கரையுமா? எந்தப் புத்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லை. எந்தப் புத்தகமும் ஞாபகம் இல்லை என்பதுதான் உண்மை.

கடைசியில், பின்னங்காலைப் படித்த மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு ஈரலின் அடிப்பக்கத்தை விரலால் தடவினேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தப் பை உட்கார ஒரு குழி இருக்கும். இதில் குழி இல்லை, கிழிசல் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன், பச்சைக் கறையும் இல்லை. பித்தக் குழாய் நேராகக் குடலுக்கே போனது. உட்கார இடமே இல்லாத பை எப்படிக் கரையும்? பட்டியல் அப்போதுதான் மெல்ல வந்தது. குதிரை: பித்தப்பை இல்லை.

சொன்னேன். கூட்டம் சிரித்தது.

"பித்தம் இல்லாமத்தேன் இம்புட்டு மேடு ஏறுச்சாக்கும்!"

இரைப்பையைத் திறந்து காட்டினேன். மருந்து வாடை இல்லை, புண் இல்லை. அப்புறம் பெருங்குடலைத் தூக்கினால், நடுவில் முறுக்கிக்கொண்டு கறுத்துக் கிடந்தது. மொக்கையின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

"முறுக்குன கயிறு மாதிரில்ல இருக்கு."

"இதுதான் கொன்னுருக்கு. யாரும் எதுவும் வைக்கல."

அவர் ரத்தக் கையோடு நிமிர்ந்தார். "அப்ப நான் யாரு மேலத்தா கோவப்பட?" என்றார். சின்னத்தாயி குடத்தைச் சாய்த்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

சின்னத்தாயியை அவர் அனுப்பவில்லை. நான் சொன்னதை நம்பினாரா என்று பிறகு ஒருநாள் பஸ்சில் அவளிடம் கேட்டேன். "இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கலம்மா. கேட்டா நெனப்பு வந்துரும்" என்றாள்.

இப்போது தோட்டங்களுக்கு ஜீப்பு போகிறது. இருவருமே குதிரைகளை விற்றுவிட்டார்கள். முன்பு மலையின் அந்த ஒற்றையடித் தடத்தில் லோடுக் குதிரைகள் எதிரெதிரே வந்தால் ஒருவர் நிறுத்தி ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் குதிரை செத்த பிறகு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் மொக்கையும் பெருமாளும் "ஓய், ஒதுங்கு" என்றாவது குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தடம் புதர் மூடிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்கும் இப்போது அவர்களுக்குள் சோலி இல்லை.