கோதுமைப் பசை மாடு

சுவிஸின் டீட்டிகோன் நகரில் பள்ளி விட்ட பிள்ளைகளைப் பின்னேரம் வரை பார்த்துக்கொள்ளும் ஹோர்ட்டில் மக்டலினுக்கு ஆறு மாதத் தவணை வேலை. பதினான்கு வருடம் ஆஸ்பத்திரித் தரை துடைத்தவள் கனவிலும் எண்ணாத வேலை. வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது. நிரந்தரமாக்குவோம் என்று பொறுப்பாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பண்ணை விலங்குகள் செய்தார்கள். பழைய பத்திரிகை, முட்டைப் பெட்டி, மட்டைச் சுருள். பசை மட்டும் மக்டலினின் கைவண்ணம். கடைப் பசையைப் பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, மன்னாரில் கோயில் திருவிழாத் தோரணத்துக்குக் காய்ச்சுவது போலக் கோதுமை மாவில் காய்ச்சிக்கொண்டு போனாள். "திண்டாலும் ஒண்டும் செய்யாது" என்று கணவர் மரியதாசிடம் பெருமை வேறு.

ஏழு வயது நோயெமி செய்த மாட்டுக்கு நாலு காலும் நாலு நீளம். நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நோயெமி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே விரலை நக்கினாள். மக்டலினும் பார்த்துச் சிரித்தாள்.

நோயெமிக்குக் கோதுமை ஆகாது. ஹோர்ட் சுவரில் அவள் படத்தோடு எழுதி ஒட்டியிருக்கிறது. ஆறு மாதமாக ஒரு துண்டுப் பாண் அவள் கைக்கு எட்டவிடாதவள் மக்டலின். பாணில் கோதுமை தெரிந்த மண்டைக்குப் பசையில் கோதுமை உறைக்கவில்லை, பாவி.

அன்று மாலையே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. என்ன தின்றாள் என்று தாய் கேட்க, பொறுப்பாளர் எல்லோரையும் விசாரிக்க, மக்டலினே வாயைத் திறந்து சொன்னாள். பொறுப்பாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். "உங்களுக்குப் பிள்ளைகளில் அன்பு இருக்கிறது. அது மட்டும் போதாது" என்றார். வேலை வெள்ளிக்கிழமையோடு சரி.

"விடப்பா. ஆஸ்பத்திரியில திருப்பிக் கேட்டா எடுப்பினம்தானே?" என்றார் மரியதாஸ்.

"ஓம். தரைக்கு எதைப் பூசினாலும் வயித்து வருத்தம் வராது."

வெள்ளிக்கிழமை அவளுடைய கடைசி வேலை, பசை பட்ட பதினொரு விலங்கையும் குப்பைப் பையில் போடுவது. நோயெமி முகம் வெளிறி வந்து நின்றாள்.

"என்னுடைய மாட்டைத் தருவீர்களா? சத்தியமாக நக்க மாட்டேன்" என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டாள்.

மக்டலின் முடியாது என்று தலையாட்டினாள். மாட்டைப் பைக்குள் திணிக்கும்போது ஒரு கால் கழன்று விழுந்தது. நோயெமி அதை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாதை!"

ஆறு மாதத்தில் ஒரு பிள்ளையிடமும் குரல் உயர்த்தாத மக்டலின், தமிழில் கத்திவிட்டாள். நோயெமி கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அவளைப் பார்த்துப் பயந்து, இரண்டடி பின்னால் போனாள்.